முட்டை காணப்படவில்லை

மார்ச் 4, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாகப் பருப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. மாலை ஐந்து மணிக்கு லேபைப் பூட்டினால் மறுநாள் காலை எட்டு மணிவரை எனக்கு வாயைத் திறக்கிற வேலையே இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. இதிலாவது பேசலாம் என்று எடுத்தேன்.

முந்திரிக் காட்டுக்கு நடுவே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். அதில் நான். லேப் டெக்னீஷியன் ச. மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தி நான்கு. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கவும் இப்போது ஆள் இல்லை. இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம். என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. முகத்துக்கு நேரே லேப்பம்மா. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர். அதை எழுத வேண்டாம்.

இன்று மலப் பரிசோதனைக்குப் பதினான்கு வந்தன. ஒன்பது தீப்பெட்டி, மூன்று ஹார்லிக்ஸ் மூடி, இரண்டு பாலித்தீன் உறை. நான் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒருவராவது கொண்டுவர வேண்டுமே! அதெல்லாம் வீட்டில் கடுகும் வெந்தயமும் போட்டுவைக்கப் போய்விடுகிறது. கடுகுக்காவது யோகம் இருக்கட்டும்.

பதினான்கும் நார்மல். ‘புழு முட்டை காணப்படவில்லை’ என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருப்பதால் கைக்கு வலி மிச்சம்.

மைக்ராஸ்கோப் பல்பு ஃபியூஸ் போய் மூன்று மாதம் ஆகிறது. எழுதிப் போட்ட கடிதம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு இல்லாத அக்கறை எனக்கு எதற்கு?

டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் பேப்பர் கப். சுத்தம் பார்க்கிறார். நல்லதுதானே.

மார்ச் 5, செவ்வாய்

கர்ப்பிணிகள் வரும் நாள். இருபத்து மூன்று பேருக்கு விரலில் குத்தி ரத்தம் பார்த்தேன். இதற்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், சின்ன மெஷின் போதும்.

கடைசியாக வந்தவள் அஞ்சலாட்சி. இருபத்தோரு வயது, முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். உதடும் நகமும் வெளுத்துக் கிடந்தன. ரத்தம் 7.4. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும்.

நர்ஸ் புஷ்பராணி பிடித்துக்கொண்டாள். “சத்து மாத்திரைய முழுங்காம மாட்டுத் தொட்டியில போட்டா எப்படிடி ஏறும்?”

“ஐயோ, சாமி சத்தியமா முழுங்குறங்க. ரெண்டு மாசமா வெளிக்கியே கறுப்பாத்தான் போவுது.”

இரும்புச் சத்து மாத்திரை விழுங்கினால் அப்படித்தான் போகும். பொய் சொல்கிறவளுக்கு இந்த விவரம் தெரிந்திருக்காது. எனக்கு அது தோன்றியது. ஆனால் என் வேலை எண்ணை எழுதுவது, எழுதினேன்.

போகும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அக்கா, ஒரு வாய் தண்ணி குடுங்க. கண்ண இருட்டிக்கினு வருது.” மேசையடியில் இருந்த என் சொம்பை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இந்த ஊரில் என் கையால் ஒருத்தி தண்ணீர் வாங்கிக் குடித்தது இதுதான் முதல் தடவை. இதற்கெல்லாம் ஒரு டைரியா என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

மார்ச் 6, புதன்

ஆறு மாதிரிகள். ஆறும் நார்மல். அதில் ஒன்று அஞ்சலாட்சியுடையது. தீப்பெட்டி திறந்துகொள்ளாமல் இருக்கப் பச்சை நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். அந்த முடிச்சைப் பார்த்தால் அவிழ்க்க மனம் வரவில்லை.

ரிப்போர்ட் வாங்க அவள் மாமியார் பூங்காவனம் வந்தாள். “புழு பூச்சி ஒண்ணும் இல்லியா? அப்ப ஒடம்புல நோவு இல்ல. வேல செய்யத்தான் நோவு.” காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பத்திரம் வாங்கிப் போகிறவள் மாதிரி இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு, யார் வீட்டு ஆடோ என்று திட்டிக்கொண்டே திறந்தால் அஞ்சலாட்சி. மடியில் ஏழெட்டு முந்திரிப் பழம். “ஒத்தையில கெடக்கறீங்களே, துன்னுங்க.”

உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். புருஷன் கலியவரதன் நல்லவனாம், ஆனால் அம்மா பேச்சைத் தட்ட மாட்டானாம். பொழுது விடிந்தால் தோப்பில் கொட்டை பொறுக்கப் போயாக வேண்டும். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தால் சோம்பேறி என்கிறார்கள். “இப்பிடிச் செத்த பொணமாட்டம் கெடந்தா புள்ள எப்பிடி வளரும்னு என் காதுபடவே கேக்குது அத்த.”

பேசிக்கொண்டே ஜன்னலோரம் பெயர்ந்து கிடந்த காரையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கையைத் தட்டிவிட்டேன். “மண்ணு வாசன வந்தா நாக்கு நிக்க மாட்டேங்குதுக்கா” என்று சிரித்தாள். மசக்கை. வேறு என்ன.

பழத்துக்குத் தொண்டை கரகரத்தது. இருந்தாலும் எல்லாவற்றையும் தின்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

இன்று தோப்புக்குப் போனேன்! அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

முந்திரி மரத்தடியில் காய்ந்த இலை கணுக்கால் வரைக்கும் கிடக்கிறது. கொட்டை அதற்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதை யாரும் கண்ணால் தேடுவதில்லை, காலால் தேடுகிறார்கள். பாதத்தை இலைக்குள் விட்டு மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால் கொட்டையின் வளைவு விரலுக்குத் தட்டுப்படும். உடனே குனிந்து எடுக்க வேண்டியதுதான்.

“செருப்பக் கழட்டுங்கக்கா. செருப்பு போட்டா காலுக்கு ஒண்ணும் தெரியாது.”

இரண்டு நாளைக்கு முன் பெய்த மழையில் அடி இலையெல்லாம் ஈரம். வேலிப் பக்கம் போகாதீர்கள், ஊரே காலையில் அங்கேதான் குந்தும் என்றாள். “போன வருசம் வரைக்கும் இந்த மரத்தடிதான். மழ பேஞ்சா எல்லாம் ஒண்ணாக் கலந்துடும்.” வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்களே என்றேன். “இருக்குது. முந்திரி மூட்டைய வேற எங்க வெக்கிறதாம்?”

நான் சிரித்தேன். மெடிக்கல் லேப் டிப்ளமா படித்தவள், மரத்தடியில் நின்று சிரித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்துதான் கழற்றினேன். ஆறு வருடத்தில் ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டு வா என்கிறாள், செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கவா முடியும்?

நூற்றுப் பத்துக் கொட்டை எடுத்தேன். ஒவ்வொன்றும் காலுக்குத் தட்டுப்படும்போது சின்னப் பிள்ளைபோல் கத்தினேன். மற்றப் பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

கால் விரல் இடுக்கில் பொறுக்க முடியாத அரிப்பு. சிவப்பாகத் தடித்திருக்கிறது. அஞ்சலாட்சியிடம் காட்டினேன். “அது தோப்பு அரிப்புக்கா. எங்க எல்லாருக்கும் வரும். உப்புத் தண்ணியில காலை வெச்சா நாலு நாள்ல பூடும்.”

எல்லாருக்கும் என்றாளே, அதில் என்னையும் சேர்த்துவிட்டாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அஞ்சலாட்சி 6.9. புஷ்பராணி மறுபடியும் கத்தினாள். எனக்கு ஒரு வாரமாக வறட்டு இருமல்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. தூக்குவாளியில் பாயசம் கொண்டுவந்தாள். நான் எலுமிச்சை சாதம் கிளறியிருந்தேன். என் தட்டிலேயே எனக்கு எதிரே உட்கார்ந்து தின்றாள். நாலு வாய்க்குமேல் முடியவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டாள். முகம் வீங்கியிருந்தது. காலை அமுக்கினால் குழி விழுகிறது.

“அக்கா, எனக்கு இன்னாதான் நோவு? ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

சரியாகிவிடும் என்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

புது டாக்டர் வந்திருக்கிறார். நஸ்ரின் பாத்திமா. சின்ன வயது, எதையும் இரண்டு முறை கேட்கிற சுபாவம்.

அஞ்சலாட்சி 6.1. டாக்டர் நேரே லேபுக்கே வந்துவிட்டார். “மங்கை மேடம், இந்தப் பொண்ணுக்கு மோஷன் டெஸ்ட் பாத்தீங்களா? இந்த ஏரியாவுல கொக்கிப்புழு இருக்கணுமே?”

“பார்த்தாச்சு டாக்டர். நார்மல்.”

“நீங்களே பாத்தீங்களா?”

“நான்தான் பார்த்தேன்.”

பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்துத்தான் பார்ப்போமே என்றார். பூங்காவனம் இடுப்பிலிருந்து என் காகிதத்தை எடுத்து நீட்டினாள். “இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கு. வயித்துப் புள்ளக்காரிக்கு இல்லாத பூச்சிக்கு இன்னாத்துக்கு மாத்திர?” டாக்டர் அதை வாங்கிப் படித்தார். அப்படியென்றால் வேறு ஏதோ ரத்த நோய், கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும் என்று சீட்டு எழுதினார். அவர்கள் போக மாட்டார்கள். ரத்த நோய் என்ற சொல் மட்டும் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. குறையுள்ள பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பூங்காவனம் பேசுகிறாளாம்.

சமையல் செய்யவில்லை. வயிறு சரியில்லை.

மே 14, செவ்வாய்

பத்து நாளாக மேல்வயிறு இழுத்துப் பிடிக்கிறது. காலையில் எழுந்து யோசித்தேன். பிறகு யோசிக்காமல் செய்தேன்.

என்னுடையதை நானே எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே லேபைத் திறந்தேன். பீரோவின் கீழ்த்தட்டில் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. பல்பு இல்லாதது, அடியில் கண்ணாடி வைத்தது. ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து மேலே திருப்பினால் போதும். ஆறு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது.

உப்புநீர் ஒரு சொட்டு. குச்சி முனையில் கொஞ்சம். மேலே மெல்லிய கண்ணாடியால் மூடிப் பார்த்தேன்.

மூன்றாவது இடத்தில் இருந்தது. நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே நாலு செல்கள், சுற்றிலும் தெளிந்த இடைவெளி. கொக்கிப்புழு முட்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

டிப்ளமாவில் பத்து மதிப்பெண் கேள்வி. முட்டை மண்ணில் விழும். நிழலிலும் ஈரத்திலும் பொரிந்து புழுவாகும். வெறும் காலில் துளைத்து ஏறும், அரிக்கும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும், இருமல் வரும். தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து கடித்துத் தொங்கும், வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கும். ஆளுக்கு ரத்தம் வற்றும், மண் தின்னத் தோன்றும். வெளிக்கிருந்தால் முட்டை மறுபடியும் அதே மண்ணில் விழும். பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன்.

மே 15, புதன்

இன்று வந்த பத்தொன்பது பெட்டியையும் திறந்தேன். ஒவ்வொன்றாக ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பதினொன்றில் இருந்தது. ஒன்று நாலு வயதுப் பெண் குழந்தையுடையது.

ஸ்டாம்ப் வைக்கவில்லை. கையால் எழுதி, இன்னும் யாருக்கும் கொடுக்காமல் டிராயரில் வைத்திருக்கிறேன்.

மே 16, வியாழன்

பூச்சி மாத்திரை ஒன்று எடுத்து நான் போட்டுக்கொண்டேன்.

மே 19, ஞாயிறு

கைப்பையில் ஒரு மாத்திரையோடு தோப்புக்குப் போனேன். அவள் கையில் கொடுத்து, இது சத்து மாத்திரை, என் எதிரிலேயே மென்று விழுங்கு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். ரத்தம் தானாக ஏறும். அக்கா என்று வந்து உட்கார்வாள்.

அவள் வரவில்லை. எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறாள் என்றார்கள். வீட்டு வாசல்வரை போனேன். பூங்காவனம் உரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “இன்னா லேப்பம்மா, இந்தப் பக்கம்?” சும்மாதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஐந்து நாளாகத் தெரியும் எனக்கு. டாக்டர் ரூம் என் லேபிலிருந்து பதினெட்டு அடி.

மே 21, செவ்வாய்

பதினொரு மணிக்குக் கலியவரதன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். விரலில் குத்தினால் தண்ணீர் மாதிரி வருகிறது. 5.2.

டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார். இருந்தது. “என்ன காரணம்னே தெரியாம எப்படி அனுப்புறது? எங்க ரத்தம் போகுது இவளுக்கு?” என்று தலையில் அடித்துக்கொண்டார். பூங்காவனம் அழுதுகொண்டே அந்தக் காகிதத்தை மறுபடியும் நீட்டினாள். மடித்து மடித்துக் கிழிந்துபோயிருந்தது. “நாங்க எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டம்மா. இந்தம்மாவே கையெழுத்து போட்டிருக்கு, பூச்சி இல்லன்னு.”

என் கையெழுத்து. அழகாகத்தான் போட்டிருக்கிறேன்.

“டாக்டர், நான் பார்க்கவே இல்லை” என்றேன்.

“என்ன பாக்கல?”

“அவளுடைய மாதிரியைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. ஸ்டாம்ப் வைத்துக் கொடுத்தேன். போன வாரம்வரைக்கும் யாருடையதையும் பார்க்கவில்லை. இவளுக்குக் கொக்கிப்புழுதான். எனக்கே இருந்தது.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. கடலூருக்கு அனுப்பும் சீட்டை அடித்துத் திருத்தி எழுதினார். கலியவரதன் ஒன்றும் புரியாமல் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். பூங்காவனத்துக்குத்தான் முதலில் புரிந்தது. “அடிப் பாவி, ஒரு உசுரா ரெண்டு உசுரா!” என்று கத்தினாள். புஷ்பராணி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அஞ்சலாட்சிக்கு மயக்கம் தெளிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். வண்டிக் கதவு சாத்தும்வரை பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

மே 22, புதன்

ரத்தம் ஏற்றுகிறார்களாம். பூச்சி மாத்திரையும் கொடுத்துவிட்டார்களாம். பிள்ளை நன்றாக இருக்கிறதாம். புஷ்பராணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஏன் பார்க்கவில்லை என்று டாக்டர் ஒரு படிவம் கொடுத்து எழுத்தில் கேட்டிருக்கிறார். பல்பு இல்லை என்று எழுதினேன். அடித்தேன்.

வந்த முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன், அதுதான் உண்மை. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் வைத்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஒரு வளைகாப்புக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் பெண்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நினைத்தேன், இனி இந்தப் பெட்டியை நான் திறக்க மாட்டேன், தொடாதவளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று. ஸ்டாம்ப் செய்தேன். தொடாமல் இருந்தும் ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒருத்தி வந்தாள். அவளுடைய பெட்டியையும் திறக்காமல் ஸ்டாம்ப் வைத்தேன்.

இதையெல்லாம் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ‘என் தவறு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 3, திங்கள்

மெமோ வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை இங்கேயே வேலை பார்க்க வேண்டும், மாற்று ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மென்று விழுங்கின. பெரியவர்களில் பாதிப் பேர் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் எல்லாருக்கும் ரப்பர் செருப்பும் தரச் சொன்னார். போட்டுக்கொண்டு தோப்பு வாசல்வரை போகிறார்கள். அங்கே வரிசையாகக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள்.

டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். சொம்பில் காலையில் பிடித்த தண்ணீர் சாயங்காலம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

வீடு துடைத்தேன். ஜன்னலோரத்துக் காரையைப் பூசினேன். ஒருவரும் வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நான் லேபைத் திறக்கும்போதே படியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. பச்சை நூலால் நாலு சுற்று, முடிச்சு. பெயர்ச் சீட்டில் அஞ்சலாட்சி, க/பெ கலியவரதன். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியவில்லை.

முடிச்சை அவிழ்த்தேன். ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்று மேசையை இழுத்து வெயிலுக்கு நேராகப் போட்டேன். மூன்று ஸ்லைடு போட்டு ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தேன். பத்தரை மணி ஆகிவிட்டது. இல்லை. ஒன்றுகூட இல்லை.

பதினொரு மணிக்கு அவளே வந்தாள். வயிறு பெரிதாக இறங்கியிருக்கிறது. இன்னும் மூன்று வாரம்தான். உதட்டில் நிறம் வந்திருக்கிறது. விரலை நீட்டினாள், குத்தினேன். 9.3.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்த பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

“ரிப்போர்ட் குடுங்க லேப்பம்மா.”

கையால் எழுதி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். புழு முட்டை காணப்படவில்லை. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

“பாத்துதான எழுதுனீங்க?”

“பார்த்தேன். மூணு தடவை பார்த்தேன்.”

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, நிலையைப் பிடித்து மெதுவாகப் படியில் இறங்கி, அங்கே விட்டிருந்த செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். கேட்வரைக்கும் பார்த்தேன். திரும்பவில்லை.

நாளைக்கு அடுத்த தெருவிலிருந்து முப்பது மாதிரி வரும் என்று புஷ்பராணி சொல்லிவிட்டுப் போனாள். ஜன்னல் கண்ணாடி தூசி படிந்து கிடந்தது, துடைத்து வைத்தேன்.